தங்கச் சுரங்க ஊருக்குப் போன பெரியவரின் வரலாற்றை எழுதுவது எப்படி?

நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வட்டாரங்களில் ‘மலாயாக்காரர் வீடு’ என்று பெயர் பெற்ற ஒரு வீடாவது இல்லாத கிராமம் அரிது. அந்த வீட்டில் இன்று மலாயாவைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இருக்கமாட்டார். மச்சு வைத்த முகப்பும், பரணில் ஒரு டிரங்குப் பெட்டியும், “அவரு தங்கச் சுரங்கத்துல இருந்தாரு” என்ற ஒற்றை வரியும் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்த ஒற்றை வரியிலிருந்து ஒரு மனிதரின் வரலாற்றை எழுத விரும்புவோருக்காகவே இதை எழுதுகிறேன். என் தாத்தாவின் அண்ணன், அதாவது எங்கள் பெரிய தாத்தா, மலாயாவில் பகாங் மாநிலத்து ரவூப் என்ற ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். அவரைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி முடிக்க எனக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. வழி தெரிந்திருந்தால் இரண்டே ஆண்டுகளில் முடிந்திருக்கும் வேலை அது.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நம் பக்கத்தில் மலாயாவைப் பற்றி எழுதுகிற எவருக்கும் அந்த ஆசை வந்துவிடுகிறது, எனக்கும் வந்தது. ஆனால் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்புக்கும், கூலிக்கு ஆள் சேர்த்த கங்காணியிடம் பெயர் கொடுத்துவிட்டுக் கப்பலேறிய ஒரு குடியானவருக்கும் உள்ள ஒரே தொடர்பு நாகப்பட்டினம் துறைமுகம்தான். எழுதிவைத்திருந்த முதல் மூன்று பக்கங்களை நான் பின்னால் கிழித்துப் போட நேர்ந்தது.

எந்தத் தங்கம் என்று முதலில் தெளிவு செய்துகொள்ளுங்கள்

வீட்டில் ‘தங்கச் சுரங்கம்’ என்று சொன்னால் அது மூன்று இடங்களில் ஒன்றாக இருக்கலாம். முதலாவது கோலார் தங்கவயல். அங்கே வேலை செய்த தமிழர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து போனவர்கள் என்றாலும், டெல்டாவிலிருந்து போனவர் எவருமில்லை என்று தள்ளிவிட முடியாது. இரண்டாவது ரவூப். மூன்றாவது பிஜித் தீவின் வாத்துகோலா. தென்னிந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக 1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்து பிஜிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், அங்கே தங்கச் சுரங்கம் தொடங்கியது 1930களில். உங்கள் பெரியவர் ரயிலேறிப் போனார் என்றால் கோலார். நாகப்பட்டினத்தில் கப்பலேறினார், பணம் அனுப்பினார், நடுவில் ஓரிரு முறை வந்து போனார் என்றால் பெரும்பாலும் மலாயா. போனவர் போனவர்தான், காகிதம்கூட வரவில்லை என்றால் பிஜியையும் எண்ணிப் பாருங்கள். பிஜிக்குப் போன ஒவ்வொருவருக்கும் தந்தை பெயர், கிராமம், வட்டம் ஆகியவற்றுடன் குடிபெயர்வுச் சீட்டு எழுதப்பட்டது என்பதால், மூன்றிலும் அதில் தேடுவதே எளிது.

கோலாரைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் வயல்களுக்கு வரும் காவிரிதான், வரும் வழியில் சிவசமுத்திரத்தில் விழுந்து, 1902 முதல் அந்தத் தங்கவயலுக்கு மின்சாரம் கொடுத்தது. ரவூப் சுரங்கக்காரர்கள் அதற்கும் முன்பாக, 1900ஆம் ஆண்டிலேயே, செம்பாம் என்ற காட்டாற்றில் நீர்மின் நிலையம் அமைத்துவிட்டார்கள். மலாயாவில் நீரிலிருந்து மின்சாரம் எடுத்த முதல் இடம் அது.

ஊரை நன்றாகத் தெரிந்துகொள்ளாமல் ஆளைப் பற்றி எழுத முடியாது

ரவூப் என்பது தீத்திவங்சா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், மழைக்காட்டின் நடுவில் அமைந்த சிற்றூர். மலாய் மொழியில் இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகவும், அள்ளிய ஒவ்வொரு கை மண்ணிலும் பொன் கிடந்ததாகவும் அங்கே சொல்கிறார்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் ஆற்று மண்ணை அலசிப் பொன் எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பகுதிக்கு, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலிருந்து வில்லியம் பிபி என்பவர் 1889இல் வந்து, பாறைக்குள் ஓடும் பொன்னைத் தோண்டுவதற்கு ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ‘ரவூப் ஆஸ்திரேலியன்’ என்று பெயர் பெற்ற அந்தச் சுரங்கம், உலகப் போர்களையும் ஜப்பானியர் ஆட்சியையும் தாண்டி 1961 வரை நடந்தது. 2009இல், அருகிலுள்ள புக்கிட் கோமானில் குவிந்துகிடந்த பழைய கழிவு மண்ணிலிருந்து சயனைடு முறையில் பொன் எடுக்கும் ஆலை ஒன்று தொடங்கியபோது, ஊர்மக்கள் நீதிமன்றம் வரை சென்று எதிர்த்தார்கள். 2017இல் அதுவும் நின்றது. இன்று மலேசியாவில் ரவூப் என்று சொன்னால் பலருக்கும் தங்கத்தை முந்திக்கொண்டு முசாங் கிங் டுரியான் பழம்தான் நினைவுக்கு வருகிறது.

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் சுரங்கம் எப்படி இயங்கியது என்பதை மட்டும் விளங்கிக்கொள்ளாமல் விடாதீர்கள். அது விளங்காதவரை, வீட்டில் சொல்லப்படும் கதைகளில் எது நடந்திருக்கும், எது நடந்திருக்காது என்று உங்களால் தரம் பிரிக்க முடியாது.

பொன் எடுப்பதில் இரண்டு வகை உண்டு. ஆற்று மணலிலிருந்து எடுப்பது ஒன்று. அதற்கு டூலாங் என்னும் மரத்தட்டு போதும். அகன்று, நடுவில் குழிந்து, ஒரு பெரிய தாம்பாளத்தைப் போல இருக்கும். அதில் மணலை அள்ளிக்கொண்டு, இடுப்பளவு ஓடும் நீரில் நின்று, தட்டைச் சாய்த்துச் சுழற்றிக்கொண்டே இருந்தால் இலேசான மணல் விளிம்பைத் தாண்டி வழிந்துவிடும். கனமான பொடி நடுக்குழியில் தங்கும். நம் வீட்டுப் பெண்கள் அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு பாத்திரத்து நீரில் அரிசியை அலைத்து அலைத்து அடுத்த பாத்திரத்துக்கு வழியவிடுவார்கள். கடைசியில் அடியில் கல் மட்டும் நிற்கும். அரிசிக்கும் கல்லுக்கும் உள்ள எடை வேறுபாட்டை வைத்தே அது நடக்கிறது என்றால், மணலைப் போல ஏழு மடங்கு அடர்த்தி கொண்ட பொன்னுக்கு இன்னும் எளிதாக நடக்கும். கற்பனை போதாதென்றால் ஒரு தாம்பாளத்தில் ஆற்று மணலையும் சில ஈயக் குண்டுகளையும் போட்டு வாய்க்காலில் நின்று சுழற்றிப் பாருங்கள். அரைமணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். நாள் முழுதும் அதைச் செய்தவர்களைப் பற்றி எழுத அந்த வலி உதவும்.

இரண்டாவது வகை, வெண்ணிறப் படிகக் கல்லுக்குள் நரம்புபோல ஓடும் பொன்னை எடுப்பது. கிணறுபோல் இறக்கி, பக்கவாட்டில் குடைந்து, வெடிவைத்துக் கல்லைப் பெயர்த்து மேலே கொண்டுவர வேண்டும். வரிசையாக நிற்கும் இரும்பு உலக்கைகள் இயந்திரத்தால் மேலெழும்பி விழுந்து அந்தக் கல்லை மாவாக இடிக்கும். மாவை நீரோடு சேர்த்துப் பாதரசம் பூசிய தகட்டின் மேல் ஓடவிட்டால் பொன் அதில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் சூடேற்றிப் பாதரசத்தை ஆவியாக்கிவிடுவார்கள். இந்த வேலையில் பொன்னைக் கையால் தொடுபவர் மிகச் சிலர். ஆகவே “தாத்தா பாறையிலேர்ந்து தங்கக் கட்டியைப் பிடுங்கி வேட்டியில முடிஞ்சு வச்சிக்கிட்டாரு” என்ற கதை உங்கள் வீட்டிலும் இருந்தால், அதைக் கதை என்றே எழுதுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். ரவூப் சுரங்கத்தின் உள்ளே வேலை செய்தவர்களில் சீனர்களே பெரும்பான்மை. தமிழர்கள் அந்த வட்டாரத்தில் அதிகமாக இருந்த இடங்கள் கித்தா என்னும் ரப்பர்த் தோட்டங்களும், அரசாங்கப் பொதுப்பணித் துறையின் சாலை வேலைக் கூட்டங்களும். சுரங்க ஊரில் இருந்தவரெல்லாம் சுரங்கத்தில் இருந்தவர் அல்லர். ஊருக்குத் திரும்பி வந்தவரிடம் “எங்கே இருந்தீர்கள்” என்று கேட்டால், கேட்பவருக்கு ரவூப் தெரியாது என்பதால், “தங்கச் சுரங்கம் இருக்கிற ஊர்” என்று சொல்லியிருப்பார். ‘இருக்கிற ஊர்’ என்ற இரண்டு சொற்களும் அடுத்த தலைமுறையில் உதிர்ந்துவிடுகின்றன. எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது.

பெட்டியைத் திறக்கும் முறை

டிரங்குப் பெட்டியை ஒரே நாளில் கொட்டிக் கவிழ்க்காதீர்கள். மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த வரிசைக்கு எண் கொடுத்து, எதன்மேல் எது இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே துணியில் சுற்றியிருந்த இரண்டு பொருள்களுக்குள் ஏதோ தொடர்பு இருக்கும். அவற்றைப் பிரித்துவிட்டால், பின்னால் எவ்வளவு யோசித்தாலும் அந்தத் தொடர்பு கைக்கு வராது. ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். புகைப்படத்தின் பின்புறத்தில் ஸ்டூடியோவின் முத்திரையும் ஊர்ப்பெயரும் இருப்பது வழக்கம். முன்புறத்தில் கோட்டுப் போட்டு நிற்கும் தாத்தாவைவிட அந்த முத்திரை பயனுள்ளது. கோட்டு ஸ்டூடியோக்காரருடையதாக இருக்கலாம்.

தாள்களுக்கு லேமினேஷன் செய்ய வேண்டாம். எங்களிடம் இருந்தவற்றுள் மிகப் பழைய கடிதத்தை, பத்திரமாக இருக்கட்டும் என்று, பக்கத்து நகரத்தில் ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்தேன். கடையில் இருந்த பையன் தாளின் கீழ்மடிப்பைப் பிரிக்காமலே இயந்திரத்தில் செருகிவிட்டான். ஐந்து வரிகள் அந்த மடிப்புக்குள் மாட்டிக்கொண்டன. விளக்கில் தூக்கிப் பிடித்தால் எழுத்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகிறதே தவிர, படிக்க முடியவில்லை. அமிலம் இல்லாத தாளுறைகள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வெள்ளைக் காடாத் துணியில் வைத்து, அந்துருண்டை நேரடியாகத் தாளில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உறைகளில் அஞ்சல்தலைகள் இருந்தால் காலத்தைக் கணிக்க அவையே முதல் சாட்சி. பாயும் புலி அச்சிட்ட தலை, நான்கு மாநிலங்கள் சேர்ந்த மலாய்க் கூட்டரசின் காலத்தது. சுல்தான் அபு பக்காரின் படத்தோடு பகாங் என்று இருந்தால் 1935 அல்லது அதற்குப் பின். ‘மலேசியா’ என்ற சொல் இருந்தால் 1963 செப்டம்பருக்குப் பின். அஞ்சல்தலையைக் கிழித்து ஆல்பத்தில் ஒட்டிவிட்ட அத்தை மகன் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவரிடமும் போய்க் கேளுங்கள், அஞ்சல் முத்திரையின் பாதி அங்கே இருக்கும்.

பெட்டியில் வாழைமரப் படம் போட்ட பத்து டாலர் நோட்டுகள் கிடைத்தால், பெரியவர் ஜப்பானியர் காலத்தைக் கடந்துவந்தவர் என்று கொள்ளலாம். ஜப்பானியர் அச்சடித்த அந்தப் பணம் 1945இல் ஒரே நாளில் வெறும் காகிதமாயிற்று. அதைத் தூக்கி எறியாமல் ஏன் வைத்திருந்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். பதில் கிடைக்காவிட்டாலும் கேள்வியை எழுதிவைக்கலாம். சிவப்பு அடையாள அட்டை இருந்தால் அது இன்னும் பேசும்: மலேசியாவில் குடிமக்களுக்கு நீல அட்டை, நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டை. 1969க்குப் பின், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்றான சூழலில், பல்லாயிரம் தமிழர்கள் அரை நூற்றாண்டு வாழ்ந்த நாட்டைவிட்டுத் திரும்பி வந்தார்கள். உங்கள் பெரியவர் திரும்பிய ஆண்டு 1969, 1970 என்று வந்தால், அவர் விரும்பித் திரும்பினாரா என்ற கேள்வியைத் தவறாமல் எழுப்புங்கள்.

வயதானவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள்

எண்பது வயதைத் தாண்டிய நம் ஊர்ப் பெண்களிடம் “அது எந்த ஆண்டு” என்று கேட்டால், உங்களைத் திருப்திப்படுத்த ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். ஆண்டுக்குப் பதிலாகத் தண்ணீரையும் காற்றையும் வைத்துக் கேளுங்கள். டெல்டாவில் எவருக்கும் மறக்காத சில அடையாளங்கள் உண்டு. கொள்ளிடம் உடைப்பெடுத்த பெருவெள்ளம் 1924. மேட்டூர் அணை திறந்தது 1934. தென்னையெல்லாம் சாய்ந்த புயல் 1952 நவம்பர் 30. வெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பங்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25. நாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்ட புயல் 1977 நவம்பர் 12. இவற்றுக்கு முன்பா, பின்பா என்று கேட்டுக்கொண்டே வந்தால், ஒரு நிகழ்ச்சியை மூன்று நான்கு ஆண்டுகளின் இடைவெளிக்குள் அடைத்துவிடலாம்.

எங்கள் அப்பாயியிடம், அதாவது அப்பாவின் அம்மாவிடம், நான் பேசிப் பதிவுசெய்ததில் ஒரு பகுதி இது:

“அப்பாயி, பெரிய தாத்தா கப்பல் ஏறுனப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முந்தியே போயிட்டாரு. எங்க மாமியார்தான் சொல்லிச் சொல்லி அழுவாங்க. மேட்டூருத் தண்ணி மொதத் தடவை வந்து, அடுத்த தடவை தண்ணி வர்றதுக்குள்ள ஆளைக் காணும்னு.”

“பொயலுக்கு வந்தாரா?”

“பொயலுக்கு மறுவருசம் வந்தாரு. வூடு கெடந்த கெடப்பைப் பாத்துட்டு, ஓடு போடப் பணம் குடுத்துட்டுப் போனாரு. அதுக்கப்புறம் வந்தது தாடியோடதான்.”

இவ்வளவு போதும். போனது 1935 அளவில், இடையில் வந்தது 1953இல். பொருளாதார மந்தத்தின் போது ஏராளமானோர் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு, 1934 முதல் மலாயாவுக்குக் கூலிகள் போவது மீண்டும் நடந்தது என்ற செய்தியோடும், இந்திய அரசு 1938 ஜூனில் உதவிப் பயணத்தில், அதாவது கப்பல் கட்டணத்தைப் பிறர் கொடுக்க, கூலிகள் போவதைத் தடைசெய்தது என்ற செய்தியோடும் இது பொருந்துகிறது. 1936 என்றிருந்தாலும் பொருந்தும். 1939 என்றால் பொருந்தாது. கிழவி சொன்னதும் அரசாங்கம் எழுதியதும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும் இடத்தில் மட்டும் ஆண்டை உறுதியாக எழுதுங்கள்.

கேட்க வேண்டிய மற்றவை: என்ன இருமினார், எப்படி இருமினார் என்பது ஒன்று. படிகக் கல்லின் தூசியை ஆண்டுக்கணக்கில் மூச்சிழுத்தவர்களின் நுரையீரல் கெட்டிப்பட்டுப்போகும்; அதைக் காசநோய் என்றே பலரும் எண்ணிக்கொண்டார்கள். சுரங்கத்தின் உள்ளே இருந்தவர் என்ற கதை உண்மையானால் அந்த இருமல் குடும்ப நினைவில் எங்காவது இருக்கும். என்ன சாப்பாட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், எந்தச் சொற்களை இங்கே வந்த பிறகும் விடவில்லை என்பவை இன்னும் பயன் தரும். காசை ‘வெள்ளி’ என்றும், ரப்பரைக் ‘கித்தா’ என்றும், எழுத்தரைக் ‘கிராணி’ என்றும் சொன்னாரா? ‘மண்டோர்’, ‘தண்டல்’ என்று மேற்பார்வையாளர் யாரையாவது திட்டினாரா? அவர் திட்டிய பதவிதான் அவருக்கு மேலே இருந்த பதவி. எங்கள் பெரிய தாத்தா காலைக் கடிக்கும் காட்டு அட்டையைப் பற்றியும் மண்சரிவைப் பற்றியும் ஓயாமல் பேசியிருக்கிறார், சுரங்கக் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதாக எவருக்கும் நினைவில்லை. அதை நான் தொடக்கத்திலேயே கவனித்திருக்க வேண்டும்.

காகிதம் வராத காலத்தையும் கேளுங்கள். 1941 டிசம்பர் முதல் 1945 முடியும்வரை மலாயாவிலிருந்து கடிதமும் பணமும் நின்றுபோயின. ஜப்பானியர் தாங்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள்பிடித்துப் போனார்கள். அந்த நான்கு ஆண்டுகளில் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் இங்கே இருந்த பெண்களின் வரலாறு எந்த ஆவணத்திலும் இல்லை. அவர்களின் மகள்களிடம் இப்போது கேட்டு எழுதினால்தான் உண்டு. கம்யூனிஸ்டு கெரில்லாக்களுக்கு எதிராக அரசாங்கம் போரிட்ட, 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலமும் அப்படித்தான். ரவூப் வட்டாரம் காட்டுப் போரின் நடுவில் இருந்தது. பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி 1951 அக்டோபர் 6 அன்று சுட்டுக் கொல்லப்பட்டது, அந்த மாவட்டத்தைச் சேர்ந்த பிரேசர் மலைக்குப் போகும் சாலையில்தான். காட்டோரம் இருந்தவர்களை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவந்தார்கள். வேலிக்கு வெளியே அரிசி கொண்டுபோகக் கூடாது என்று சோதனை போட்டார்கள். தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்த ஒருவருக்கு மடியில் அரிசி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கப்படுவது எப்படி இருந்திருக்கும் என்பதை, அவர் சொல்லவில்லை என்றால், நீங்களும் இட்டுக்கட்டி எழுத வேண்டாம்.

அலுவலகங்களில் தேடுதல்

யாரும் முதலில் நினைக்காத இடம் நம் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகம். மலாயாப் பணத்தில் நிலம் வாங்கியிருந்தால் கிரயப் பத்திரத்தில் அவருடைய இருப்பிடம் எழுதப்பட்டிருக்கும்: ‘மலாய் நாடு பகாங் ஸ்டேட் ரவூப்பில் ஜீவித்துவரும் இன்னார் குமாரர்’ என்ற முறையில். அவர் அங்கிருந்தே தம்பிக்கு அதிகாரம் கொடுத்திருந்தால் பவர் பத்திரமும் இருக்கலாம். பழைய காலத்துக்கு வில்லங்கம் பார்க்க நேரில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். நான் போன அலுவலகம் ஒன்றில் குறியீட்டுப் புத்தகம் கரையான் அரித்துவிட்டது என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து வேறொருவர் இருந்தபோது அதே புத்தகம் கிடைத்தது. எனவே ஒரு முறை இல்லை என்றால் மறுமுறை போங்கள்.

பத்திரத்தில் தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும். பிரபவ 1927இல் தொடங்கியது. அங்கிருந்து வரிசையாக எண்ணினால் பவ 1934, யுவ 1935, வெகுதானிய 1938. சித்திரையில் ஆண்டு மாறுவதால், மார்கழியின் பின்பாதி முதல் பங்குனி வரையுள்ள தேதிகளுக்கு அடுத்த ஆங்கில ஆண்டைக் கொள்ள வேண்டும். அறுபது ஆண்டு முன்னும் பின்னும் அதே பெயர் வரும் என்பதையும் மறக்கலாகாது.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் குடிபெயர்வு தொடர்பான அரசாணைகள் உள்ளன. அவற்றில் உங்கள் தாத்தாவின் பெயர் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் எந்த விதிகளின்கீழ் ஏற்றப்பட்டார், முகாமில் எப்படி வைக்கப்பட்டார் என்பது கிடைக்கும். மலாயாவில் இருந்த இந்திய அரசின் பிரதிநிதி ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகள் 1920களிலிருந்து உண்டு. கூலி எவ்வளவு, சாவு எவ்வளவு, எந்தத் துறையில் எத்தனை பேர் என்பதற்கு அவற்றைவிட நல்ல ஆவணம் இல்லை. கோலாலம்பூரில் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. பகாங்கின் தலைநகர் 1898 முதல் 1955 வரை கோலாலிப்பிஸ் என்பதால், பழைய கோப்புகளில் ரவூப்பைத் தேடும்போது லிப்பிஸ் என்ற பெயரிலும் தேடுங்கள்.

வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடியது செய்தித்தாள் தேடல். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய ஆங்கில நாளிதழ்களையும் தமிழ் முரசையும் இணையத்தில் வைத்திருக்கிறது. ரவூப் சுரங்கத்தில் மாதந்தோறும் எத்தனை டன் கல் இடித்தார்கள், எத்தனை அவுன்ஸ் பொன் கிடைத்தது என்பதெல்லாம் பங்குதாரர்களுக்காக அந்த ஆங்கில இதழ்களில் வெளியாகும். அவுன்ஸ் கணக்கை ஒரு பத்திக்கு மேல் எழுத வேண்டாம். அது பங்குதாரர்களின் வரலாறு. விபத்து, வெள்ளம், மண்சரிவு, வேலைநிறுத்தம் என்று தேடினால் உங்கள் பெரியவரின் வரலாறு கிடைக்கும். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் ஆர், ஏ, யு, பி என்ற நான்கு எழுத்துகளால் தேட வேண்டும். கடிதங்களில் ‘ராப்பு’ என்று எழுதியிருந்ததை நம்பி நான் முதலில் ஒலிப்படி தேடியதில் ஓராண்டு போயிற்று.

எழுதும்போது

அவருடைய ஒரு சாதாரண நாளை எழுத முடிகிறதா என்று பாருங்கள். விடியுமுன் பெரட்டு எடுப்பது, அதாவது பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பது, பிறகு மழை, மழைக்கு நடுவே வேலை, மாலையில் காலிலிருந்து அட்டைகளைச் சுண்ணாம்பு வைத்து விலக்குவது. ஐப்பசி கார்த்திகையில் மட்டும் அடைமழையைப் பார்த்துப் பழகியவருக்கு, கோடை என்று ஒன்று இல்லாத ஊர் வாய்த்திருக்கிறது. அந்த ஒரு நாளை எழுதத் தெரியாத இடங்களில் எல்லாம் இன்னும் கேட்க வேண்டியது பாக்கி இருக்கிறது என்று பொருள்.

அங்கே இன்னொரு குடும்பம் இருந்திருந்தால் அதை மறைத்து எழுதாதீர்கள், இழிவுபடுத்தியும் எழுதாதீர்கள். முப்பது ஆண்டுகள் ஒருவர் தனியாக இருந்தார் என்று எழுதினால் படிப்பவர் எவரும் நம்பப் போவதில்லை. எங்கள் பெரிய தாத்தாவுக்கு ரவூப்பில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள் என்பது அப்பாயிக்குத் தெரியும். இங்கிருந்த அவருடைய மனைவியான பெரிய அப்பாயியிடம், அந்த அம்மாள் இறக்கும்வரை எவரும் அதைச் சொல்லவில்லை. அங்குள்ளவர்களைத் தேட, அந்த ஊர் மாரியம்மன் கோயில் நிர்வாகத்துக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதிப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். கோயில் சுவரிலுள்ள உபயப் பலகைகளில் பெயரோடு சொந்த ஊரும் பொறித்திருப்பது உண்டு. எனக்கு எட்டாவது மாதத்தில் பதில் வந்தது.

அச்சுக்குப் போகுமுன் கைப்பிரதியை இரண்டு கரைக்கும் அனுப்பிவிட வேண்டும். நான் அனுப்பியதை ரவூப்பில் இருக்கும் அந்தக் குடும்பத்துச் சிற்றப்பா படித்துவிட்டு மூன்று திருத்தங்கள் சொன்னார். பெரிய தாத்தா தங்கச் சுரங்கத்துக்குள் ஒருநாளும் இறங்கியதில்லை என்பது முதலாவது. மலைச்சாலையில் விழும் மண்சரிவை அள்ளும் பொதுப்பணித் துறைக் கூட்டத்தில் இருந்தார், கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தக் கூட்டத்தை மேற்பார்க்கும் கங்காணியாகவும் இருந்தார். இரண்டாவது, ஒரு தேதி. மூன்றாவது, நான் நூலின் மேலட்டையில் போட்டிருந்த பெயரால் அங்கே அவரை எவருக்கும் தெரியாது, ‘ரோட்டுக் கங்காணி’ என்றால்தான் தெரியும் என்பது. இரண்டு பெயர்களையும் முதல் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, அந்தச் சாலை நடுவில் வருமாறு ஒரு கைவரைபடம் சேர்த்தேன்.